ஒன்பது பெயர்களுக்காக ஒரு பிரகடனம்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்திலும், டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியிலும் குடியிருக்கும் தமிழர்கள் நாங்கள். கூடிப் பேசி, ஒரு முடிவுக்கு வந்து, அதை ஊரறிய எழுதி வைக்கிறோம்.

பிலடெல்பியாவில் ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் முனையில், நாட்டின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் பதவிக் காலத்தில் குடியிருந்த வீடு இருந்தது. வெவ்வேறு சமயங்களில் ஒன்பது பேர் அங்கே அடிமைகளாக வேலை வாங்கப்பட்டார்கள். ஆஸ்டின், பாரிஸ், ஜைல்ஸ், மோல், ஜோ, கிறிஸ்டோபர் ஷீல்ஸ், ஹெர்குலிஸ், அவர் மகன் ரிச்மண்ட், ஓனா ஜட்ஜ். இவர்களுடைய வரலாறு இவர்கள் வாழ்ந்த இடத்திலேயே சொல்லப்பட வேண்டும். குறைக்காமல் சொல்லப்பட வேண்டும். வெள்ளை மாளிகையில் யார் உட்கார்ந்தாலும் சொல்லப்பட வேண்டும். இதற்காக நாங்கள் தொடங்கும் இயக்கத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

இயக்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. பத்தாவதாக எங்கள் பெயர் வேண்டாம் என்று தோன்றியது.

2026 ஜனவரி 22ஆம் தேதி தேசியப் பூங்காத் துறையின் ஆட்கள் வந்து, அந்த வீடு இருந்த இடத்து நினைவிடத்தில் இந்த ஒன்பது பேரைப் பற்றிச் சொன்ன விளக்கப் பலகைகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஓர் ஆணை இதற்கு அடிப்படை. கடந்தகால அமெரிக்கர்களை இழிவுபடுத்தும் செய்திகள் தேசிய நினைவிடங்களில் இருக்கக் கூடாது, நாட்டின் பெருமையே முன்னால் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். பலகைகள் போன அன்றே பிலடெல்பியா நகராட்சி வழக்குப் போட்டது. பிப்ரவரி 16ஆம் தேதி, அதிபர்கள் தினம் என்று விடுமுறை விட்டிருந்த நாளில், மத்திய நீதிபதி சிந்தியா ரூஃப் பலகைகளைத் திரும்ப வைக்கும்படி உத்தரவிட்டார். அரசே உண்மையை மாற்றி எழுதும் ஆர்வெல்லின் '1984' நாவலை அந்தத் தீர்ப்பு நினைவுபடுத்தியது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எங்கள் வேலை மாறாது. நீதிமன்றம் மாட்டச் சொல்லும் பலகையை இன்னொரு நீதிமன்றம் கழற்றச் சொல்லலாம். மனிதர்கள் நேரில் நின்று சொல்வதைக் கழற்ற ஸ்பானர் கிடையாது.

அந்தப் பலகைகளில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு, எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

1790இலிருந்து 1800 வரை பிலடெல்பியா அமெரிக்காவின் தலைநகரம். வாஷிங்டன் 1797 வரை அந்த வீட்டில் இருந்தார்; அவருக்குப் பிறகு ஜான் ஆடம்ஸ் வந்தார். ஆடம்ஸ் அடிமை வைத்துக்கொள்ளாதவர். வாஷிங்டனோ வர்ஜீனியாவில் மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார். அங்கேதான் ஒரு சிக்கல். பென்சில்வேனியா 1780லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. வெளிமாநிலத்துக்காரர் தம் அடிமையை அழைத்துவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த அடிமை தன்னை விடுதலையானவர் என்று கோரலாம். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. அதிபருக்கு விலக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை. சட்டம் வந்தபோது அதிபர் என்று ஒரு பதவியே கிடையாது.

வாஷிங்டனுடைய அட்டர்னி ஜெனரல் எட்மண்ட் ராண்டால்ஃப் இந்தச் சட்டத்தால் தம் சொந்த அடிமைகளையே இழந்தவர். ஆறு மாதம் ஆகிவிட்டது, நாங்கள் போகிறோம் என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி 1791 ஏப்ரலில் ஓடிவந்து அதிபரின் மனைவி மார்த்தாவை எச்சரித்தார். வாஷிங்டன் அப்போது தென்மாநிலங்களில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். செய்தி போனதும் தம் செயலர் டோபியாஸ் லியருக்குக் கடிதம் எழுதினார். நம் அடிமைகளை ஏதாவது சாக்குச் சொல்லி வர்ஜீனியாவுக்கு அனுப்பிவிடு, அவர்களுக்கும் காரணம் தெரியக் கூடாது, ஊருக்கும் தெரியக் கூடாது, உனக்கும் மார்த்தாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது அந்தக் கடிதத்தின் உள்ளடக்கம். அதன்படியே நடந்தது. ஆறு மாதம் நிறைவதற்குள் ஒவ்வொருவராக மாநில எல்லைக்கு வெளியே அனுப்பப்பட்டு, திரும்ப அழைக்கப்பட்டார்கள். கணக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கும். இப்படி மாற்றி மாற்றி அனுப்புவதையும் 1788இல் வந்த ஒரு திருத்தம் தடை செய்திருந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வர்ஜீனியா வரை போக நேரமில்லாதபோது ஆற்றைக் கடந்தாலே போதும். மார்த்தா தம் பணியாட்களை நியூ ஜெர்சியின் டிரென்டனுக்கு அழைத்துப்போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார். நியூ ஜெர்சியில் படிப்படியான ஒழிப்புச் சட்டமே 1804இல்தான் வந்தது. வேலைக்குப் போக, மளிகை வாங்க, கோயிலுக்குப் போக என்று எங்களில் பலர் கடக்கும் ஆறு அதுதான். எங்களுக்குச் சுங்கச் சாவடியாக மட்டும் தெரிந்த அந்த ஆறு, அவர்களுக்கு விடுதலைக் கணக்கை அழித்துவிடும் கோடாக இருந்தது.

1793 பிப்ரவரியில், இந்த வீட்டில் குடியிருந்த காலத்தில்தான், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தரும் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகளில் அந்தச் சட்டம் அவருடைய வீட்டு வாசலுக்கே வந்தது.

ஓனா ஜட்ஜ் மார்த்தாவின் தனிப் பணிப்பெண், தையலில் கைதேர்ந்தவர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். திருமணமான தம் பேத்திக்கு மார்த்தா தன்னைக் கொடுத்துவிடப் போகிறார் என்பது ஓனாவுக்குத் தெரிந்துவிட்டது. 1796 மே மாதம் குடும்பம் வர்ஜீனியாவுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, ஓனாவும் கட்டினார். மே 21ஆம் தேதி, எல்லோரும் உணவு மேசையில் இருந்த நேரம் பார்த்து வெளியேறினார். அந்நகரத்தின் சுதந்திரக் கறுப்பின மக்கள் அவருக்கு ஒளிய இடம் கொடுத்தார்கள். பிறகு நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் தலைவர் பெயர் ஜான் போல்ஸ். போல்ஸ் சாகும்வரை அந்தப் பெயரை ஓனா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத் தண்டனை கிடைக்கும்.

ஓனாவைப் பிடித்துத் தந்தால் 10 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அதோடு விடவில்லை. போர்ட்ஸ்மத்தில் அவர் இருப்பது தெரிந்ததும், வாஷிங்டன் நிதிச் செயலர் ஆலிவர் வால்காட் மூலமாக அங்கிருந்த சுங்க அதிகாரி ஜோசப் விப்பிளுக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு பெண்ணைத் திரும்பப் பிடிக்க நாட்டின் நிதித்துறை ஓடியிருக்கிறது. விப்பிள் ஓனாவிடம் நேரில் பேசினார். உங்கள் காலத்துக்குப் பின் விடுதலை தருவதாக உறுதி சொன்னால் திரும்பி வருகிறேன் என்பது ஓனா வைத்த நிபந்தனை. விசுவாசமில்லாதவருக்குப் பரிசு தர முடியாது என்ற பொருளில் வாஷிங்டன் மறுத்துவிட்டார். 1799இல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் போய் முயன்றார். ஓனாவுக்கு முன்கூட்டியே தகவல் போய்விட்டது, தப்பினார். போர்ட்ஸ்மத்தில் ஜாக் ஸ்டெயின்ஸ் என்ற கப்பல் தொழிலாளியை மணந்தார், பிள்ளைகள் பெற்றார், எழுத்துப் படித்தார். கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, வறுமையில் முதுமை அடைந்தார். 1840களில் அவரைத் தேடி வந்தவர்கள், அதிபர் வீட்டு வாழ்வை விட்டுவந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை, நான் விடுதலையாக இருக்கிறேன் என்பதே அவர் சொன்ன பதிலின் பொருள். 1848 பிப்ரவரியில் இறக்கும்போதும் சட்டப்படி அவர் அடிமைதான்.

சமையற்காரர் ஹெர்குலிஸ் கதை இன்னொரு வகை. மிஞ்சிய சமையல் பொருள்களை விற்றுச் சம்பாதித்து, நல்ல கோட்டும் கைத்தடியுமாக மார்க்கெட் தெருவில் உலாவியவர் என்று மார்த்தாவின் பேரன் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1796 கடைசியில் அவரை மவுண்ட் வெர்னனில் நிறுத்திவிட்டார்கள். அடுப்படியில் பேர் வாங்கிய கை களிமண் வெட்டியது. 1797 பிப்ரவரி 22ஆம் தேதி, வாஷிங்டனின் 65ஆவது பிறந்த நாளன்று, அவர் காணாமற்போனார். சில வாரம் கழித்து மவுண்ட் வெர்னனுக்கு வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி பிலிப்பின் பணியாள், ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம், அப்பாவைப் பார்க்க முடியாமல் வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். சந்தோஷமாக இருக்கிறது, அப்பா இப்போது விடுதலையாகிவிட்டார் என்று அந்தக் குழந்தை சொன்னதாக இளவரசரின் நாட்குறிப்பில் இருக்கிறது.

இதில் எதுவும் எதிரிகள் கட்டிவிட்ட கதை இல்லை. பெரும்பகுதி வாஷிங்டன் வீட்டுக் கடிதங்களிலும் கணக்குகளிலும் இருப்பது.

மற்ற ஏழு பேரைப் பற்றி இவ்வளவு தெரியாது. ஆஸ்டின் 1794இல் பயணத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மோல் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். ரிச்மண்ட் புகைபோக்கி துடைத்த சிறுவன். ஜைல்ஸும் பாரிஸும் குதிரை லாயத்து ஆட்கள். கிறிஸ்டோபர் ஷீல்ஸ் வாஷிங்டனின் மரணப் படுக்கையருகே நின்றவர். அதே 1799இல் அவரும் தப்பத் திட்டமிட்டு, அது வெளிப்பட்டுவிட்டிருந்தது. இரண்டு வரியில் முடியும் வாழ்க்கை என்பதால் இரண்டு வரியும் வேண்டாம் என்று ஆகாது.

அந்த வீட்டை 1832இல் இடித்தார்கள். எஞ்சியிருந்த பக்கச் சுவர்களை 1951இல் இடித்தார்கள். பிறகு அந்த இடத்தில் பொதுக் கழிப்பறை கட்டினார்கள். ஐம்பது ஆண்டு அது அங்கே இருந்தது. அடிமைகளின் நினைவு மட்டும் அழிந்ததாக எண்ண வேண்டாம். வாஷிங்டன் குடியிருந்ததும் சேர்ந்தே அழிந்திருந்தது. அந்த நினைவை மீட்டவர்கள் யார் என்பதை இந்தப் பிரகடனத்தில் பதிவு செய்வது எங்கள் கடமை. 2002 ஜனவரியில் எட்வர்ட் லாலர் என்ற ஆய்வாளர் வீட்டின் அமைப்பை ஆவணங்களிலிருந்து வரைந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது பக்கத்தில் சுதந்திர மணிக்குப் புதிய மண்டபம் கட்டத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தின் வாசலிலிருந்து ஐந்தடி தூரத்தில்தான் லாயத்து அடிமைகள் படுத்துறங்கிய இடம். வரலாற்றாசிரியர் கேரி நாஷ் வானொலியில் இதைப் பேசினார். வழக்கறிஞர் மைக்கேல் கோர்டு தலைமையில் 'அவெஞ்சிங் தி ஆன்செஸ்டர்ஸ் கோயலிஷன்' என்ற கறுப்பின மக்களின் அமைப்பு எழுந்தது. ஊர்வலம், மனு, கடிதம், கூட்டம் என்று ஆண்டுக்கணக்கில் விடாமல் நின்றார்கள். இவ்வளவையும் சொன்னால் மணியைப் பார்க்க வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள் என்று அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். (வரலாற்றைக் கேட்டுக் குழம்புகிறவர்களுக்காகத்தானே வழிகாட்டிகள் சம்பளம் வாங்குகிறார்கள்?) 2007இல் அகழாய்வு நடந்தது. சமையலறை அடித்தளமும், சமையலறையையும் வீட்டையும் இணைத்த நிலத்தடி வழியும், வாஷிங்டன் விருந்தினரை வரவேற்ற வளைவுச் சாளர அறையின் அடித்தளமும் வெளிவந்தன. பள்ளத்தைப் பார்க்க மக்கள் திரண்டு வந்தார்கள். 2010 டிசம்பரில் நினைவிடம் திறக்கப்பட்டது. அடித்தளத்தைக் கண்ணாடி வழியே காணலாம். ஒன்பது பெயர்களும் சுவரில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஜனவரியில் வந்தவர்களால் பலகைகளைத்தான் எடுத்துப்போக முடிந்தது. செதுக்கிய பெயர்கள் நின்றுவிட்டன.

வாஷிங்டன் காலத்தில் எல்லோரும் அடிமை வைத்திருந்தார்கள், இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்கிறார்கள். இன்றைய அளவுகோல் வேண்டாம். 1780ஆம் ஆண்டுச் சட்டத்தால் அளப்போம். ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவரே எழுதிய கடிதத்தால் அளப்போம். அதே ஆறாவது தெருவில் தெற்கே சிறிது தூரம் நடந்தால் மதர் பெத்தெல் தேவாலயம். அடிமையாகப் பிறந்து தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கிய ரிச்சர்ட் ஆலன் 1794இல் நிறுவியது. அவரும் அந்தக் காலத்து மனிதர்தான். அந்தக் காலம் என்பது எஜமானர்களுக்கு மட்டும் சொந்தமானதா?

வாஷிங்டன் மேல் எங்களுக்குக் காழ்ப்பு இல்லை. பதவியை இரண்டு முறையோடு விட்டிறங்கியவர், தம் உயிலில் தமக்குச் சொந்தமான 123 பேருக்கு விடுதலை எழுதியவர். அதையும் அந்த முனையில் நின்று சொல்வோம். அந்த 123இல் ஓனா இல்லை, அவர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்து என்பதையும் சொல்வோம். பக்கத்து மண்டபத்தில் தொங்கும் மணிக்குச் 'சுதந்திர மணி' என்ற பெயரைப் பரப்பியவர்கள் 1830களின் அடிமை ஒழிப்புப் போராளிகள். அதுவரை அது வெறும் அரசு மாளிகை மணி. ஒழிப்புப் போராளிகள் தந்த பெயரை வைத்துக்கொண்டு அடிமைகளின் பெயரை வெளியே தள்ளுவதைப் பெருமை என்று எங்களால் எண்ண முடியவில்லை.

தமிழர்களுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி எங்கள் வீடுகளிலேயே எழுந்தது. விசாவில் இருக்கிறவர்களுக்கு அச்சம் உண்டு. அது நியாயமான அச்சம். அவர்கள் கையெழுத்திட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் நாம் வீடு வாங்கிக் குடியிருப்பது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால். நாட்டைப் பார்த்து ஒதுக்கீடு செய்த பழைய முறையை நீக்கிய சட்டம் அது. கறுப்பின மக்கள் அடிவாங்கி, சிறை சென்று, உயிர் கொடுத்து நடத்திய சமவுரிமைப் போராட்டம் கனிந்த ஆண்டுகளில் அது நிறைவேறியது. அந்தப் போராட்டத்தின் பலனை அனுபவித்துக்கொண்டு, அவர்கள் மூதாதையர் பெயரைக் கழற்றும்போது நமக்கென்ன என்று போவது நன்றிகெட்ட செயல்.

இன்னொன்று. நமக்கு இந்த விஷயம் அந்நியமானதே இல்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: மனிதர்களை விற்ற சாசனம் தமிழிலும் உண்டு, கோயில் கல்வெட்டிலும் ஓலையிலும் உண்டு. இந்தியாவில் அடிமை முறைக்கு எதிராக 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்த பிறகும் பண்ணைகளில் அது வேறு பெயரில் தொடர்ந்தது. எங்கள் முன்னோர்களில் விற்றவர்களும் இருந்திருப்பார்கள், விற்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். அதைப் பேசாமல் வாஷிங்டனை மட்டும் பேசினால் எங்கள் பிள்ளைகளே எங்களை மதிக்க மாட்டார்கள். ஆகவே இந்த இயக்கத்தில் சாதிப் பெருமை பேசுகிறவர்களுக்கு இடமில்லை. இதில் விவாதம் கிடையாது.

பலகைகள் எல்லாம் பழைய வாசகத்தோடு பழைய இடத்துக்கு வர வேண்டும். நகராட்சியும் கறுப்பின மக்களின் அமைப்புகளும் உடன்படாமல் ஒரு சொல்லும் மாற்றப்படக் கூடாது. உண்மையைச் சொன்னதற்காகப் பூங்கா ஊழியர் எவரும் வேலை இழக்கக் கூடாது. இவை எங்கள் கோரிக்கைகள். இவற்றுக்காக எழுதுவோம், கூட்டங்களில் பேசுவோம், கறுப்பின அமைப்புகள் அழைக்கும் இடத்துக்கு வருவோம். முன்வரிசை அவர்களுடையது. அவர்களுக்கு நாங்கள் வழி சொல்லத் தேவையில்லை. இருபது ஆண்டாக அவர்கள் நடந்த வழி அது.

எங்களுடைய தனி வேலை எங்கள் மொழியில் இருக்கிறது. வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளிகளில் ஓனா ஜட்ஜின் கதையை ஒரு பாடமாகச் சொல்லித்தர ஆசிரியர்களைக் கேட்போம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு அந்த முனையில் எங்களில் சிலர் இருப்போம். ஒன்பது பெயர்களையும் வாசித்து, வருகிறவர்களுக்குத் தமிழில் விளக்குவோம். பனியிலும் உண்டு. சிலையை உடைப்பது, சுவரில் எழுதுவது, ஊழியர்களோடு சண்டை போடுவது எதுவும் எங்கள் முறையில் கிடையாது. 2026 ஜூலை 4ஆம் தேதி சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு விழா. அந்தக் கோடையில் எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேருக்கும் சொல்லத் தயாராக இருப்போம்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகராவுக்கும் நியூயார்க்குக்கும் அழைத்துப் போகிறோம். நடுவில் ஒரு நாள் பிலடெல்பியா வந்து மணியின் முன் நிறுத்திப் படம் எடுக்கிறோம். அடுத்த முறை மணிக்கு வரிசையில் நிற்கும் முன், வெளியே அந்தச் சுவரருகே கால் மணி நேரம் செலவிடுங்கள். அம்மாவுக்குக் கால் வலித்தால் உட்கார வைத்துச் சொல்லுங்கள். சமையற்காரர் ஹெர்குலிஸிலிருந்து தொடங்கினால் நன்றாகக் கேட்பார்கள். இந்த இயக்கத்துக்குச் சந்தா இல்லை, படிவம் இல்லை. ஒன்பது பெயர்களையும் பார்க்காமல் சொல்லத் தெரிந்தால் நீங்கள் உறுப்பினர். முதல் ஞாயிறு வாருங்கள்.